பழைய காருக்குப் பழைய கியர்பாக்ஸ்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைகையில், நம் சங்க அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துத் தமக்கு நேர்ந்த நஷ்டமொன்றை எடுத்துரைத்தார். “எனக்கு வந்தது இன்னொருவருக்கு வரக்கூடாது, நம் பத்திரிகையில் எழுதுங்கள்” என்றும் கேட்டுக்கொண்டார். அவர் பெயரைத் தவிர்த்து அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

மட்டாஞ்சேரியில் முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காத்துவருபவர் அவர். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய மலையாளிகள் பலர், தம் உடைமைகளோடு மோட்டார் காரையும் கப்பலேற்றிக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு வந்தவற்றுள் மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வகையும் ஒன்று. 1976 முதல் 1986 தொடக்கம் வரை ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் அவ்வகையில் செய்யப்பட்டன. அத்தகைய 240 டி டீசல் காரொன்றை நம் அன்பர் தம் முதலாளிக்காக நெடுங்காலம் ஓட்டினார். முதலாளி முதுமையுற்றபோது அதனை அவருக்கே அளித்துவிட்டார்.

சென்ற ஆண்டு அக்கார், கியர் மாறும் ஒவ்வொரு முறையும் முதுகில் அறைந்தாற்போல் குலுங்கத் தொடங்கிற்று. பட்டறையொன்றில் காட்டியபோது, கியர்பாக்ஸ் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றனர். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென வைத்திருந்த பணத்திலிருந்து 45,000 ரூபாய் எடுத்துப் பழைய பெட்டியொன்றை வாங்கி மாட்டினார். வண்டி தெருமுனையைத் தாண்டுமுன்னரே அதே குலுக்கல்!

பிறகு தோப்பும்படியில், அனைவரும் ஆசான் என்றழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றார். அவர் காரின் அடியிற் குனியவுமில்லை. “அண்ணாச்சி, சாவியைத் திருப்பினால் என்ஜின் உடனே நிற்கிறதா?” என்று மட்டும் வினவினார். சில மாதங்களாகவே அது சற்றுத் தாமதித்துத்தான் நின்றது. ஆசான் பானெட்டைத் திறந்து, வெப்பத்தால் வெடித்திருந்த சிறு ரப்பர் இணைப்பொன்றை மாற்றினார். குலுக்கல் நின்றது.

இதன் காரணத்தை வாசகர் அறிந்துகொள்ளுதல் நலம். ஆட்டோமாட்டிக் காரில் கிளட்ச் மிதி இல்லை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால், அதன் காற்றால் மற்றதும் சுழலுமன்றோ? அதுபோல என்ஜின் சுழற்றும் ஆயில், கன்வர்ட்டர் என்னும் உருண்டைப் பகுதியில் மறுபுறச் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. கியர் மாறுவது மெத்தென்றா முரட்டுத்தனமாகவா என்பதை, இந்த டீசல் பென்ஸில், என்ஜினிலிருந்து வரும் வாக்வம் தீர்மானிக்கின்றது. வாக்வம் கசிந்தால் கியர் அறைந்து மாறும். என்ஜினை நிறுத்துவதும் இதே வாக்வமே. ஆதலின் பெட்டியை எத்தனை முறை மாற்றினும் வெளியிலுள்ள குழாயின் குறை தீராது.

ஆகவே முதற்பாடம் இது: நோய் பெட்டிக்குள்தான் உள்ளது என்று உறுதியான பின்னரே வேறு பெட்டி தேடுக. வாக்வம் குழாய்களைச் சோதிக்கச் செய்க. பெட்டியிலுள்ள மாடுலேட்டரின் குழாயைக் கழற்றிப் பார்க்குமிடத்து உள்ளே ஆயில் ஈரம் இருந்தால், கிழிந்தது அச்சிறு உறுப்பின் சவ்வேயாம். சமதளத்தில், வண்டி சூடேறி, என்ஜின் ஓடுகையில், ‘பி’ நிலையில் வைத்து ஆயில் அளவைப் பார்க்க. இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பமே.

நிற்க. பெட்டியே பழுதாயிருந்து, சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையதைத் தேடுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, எண். முற்கால வண்டிகளில் 722.1 வரிசைப் பெட்டியும், பிற்காலத்தனவற்றில் 722.3 வரிசையும் இருக்கும். உருவம் ஒத்திருப்பினும், வெவ்வேறு என்ஜினுக்கேற்பக் கியர் மாறும் வேகம் வேறுபடும். ஆதலின் பெட்டியின் மேல் பொறித்த முழு எண்ணையும் தம் வண்டியின் பழைய பெட்டியோடு ஒப்பிடுக. “எல்லாம் ஒன்றுதான்” என்னும் வியாபாரியின் சொல்லை ஏற்கவேண்டா.

இரண்டாவது, ஆயில். சிவந்து தெளிந்திருப்பின் நன்று. கருத்துத் தீய்ந்த வாடை வீசினால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் எரிந்துள்ளன. பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் நீர் புகுந்துள்ளது. சென்னையில் 2015-லும், நம் கேரளத்தில் 2018-லும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனை! அவற்றின் உறுப்புகளும் கடைக்கு வரக்கூடுமென்பதை மறத்தலாகாது. அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுக. மெல்லிய சாம்பல்நிறப் படிவு இயல்பானதே. உலோகத் துகளும் தட்டின் துணுக்குகளும் கிடந்தால் திரும்பிப் பாராது வந்துவிடுக.

மூன்றாவது, ஓட்டம். பெட்டி இன்னும் வண்டியிலேயே இருக்குமாயின், கழற்றுமுன் ஓட்டிப் பார்ப்பதே எல்லாவற்றினும் சிறந்த சோதனை. ரிவர்ஸ் உடனே பிடிக்கின்றதா, சூடேறிய பின்னும் வழுக்காது இழுக்கின்றதா என நோக்குக.

மாட்டுகையிலும் கருத்து வேண்டும். கன்வர்ட்டர் பெட்டியின் பம்பில் முழுவதும் அமராவிடில், போல்ட்டை இறுக்குகையில் பம்ப் நொறுங்கும். பழைய பெட்டியின் துகள் ரேடியேட்டரிலுள்ள கூலரில் தங்கியிருக்கும். அதனைக் கழுவாவிடில் வந்த பெட்டியும் அதே வழியிற் போகும். பெட்டி கீழே இருக்கும்போதே சீல்களையும் பில்ட்டரையும் மாற்றிவிடுதல் சிக்கனம். ரசீதில் பெட்டியின் எண்ணையும், திருப்பிக் கொடுக்கும் தவணையையும் எழுதி வாங்குக.

நம் அன்பர் ரசீது வாங்கவில்லை. எனவே பணம் திரும்பவில்லை. சீட்டைத் தள்ளியெடுத்து மகளைக் கல்லூரியில் சேர்த்தார். கழற்றிய நல்ல பெட்டி இன்றும் அவர் வீட்டுப் பின்புறத்தில் சாக்கு போர்த்திக் கிடக்கின்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. பிறந்த ஊரை விட்டுவந்து பாடுபட்டுச் சேர்க்கும் நம்மனோர்க்கு அது இருமடங்கு பொருந்தும். இத்தகைய காருடையோர் எவரேனும் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே வந்து அந்த ரப்பர் இணைப்பைப் பார்த்துச் சொல்வதாக அன்பர் கூறியுள்ளார். கூலி வேண்டாமாம், ஒரு கோப்பைத் தேநீர் போதுமாம்.