மணலுக்குத் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது

சுபஹ் தொழுகைக்குப் பிறகு கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கடற்கரைகளில் நடப்பவர்களில் பலர் சீனி வருத்தத்துக்குப் பயந்து நடப்பவர்கள். நடந்து முடிந்ததும் கைக்கடிகாரமோ போனோ ஓர் எண்ணைக் காட்டுகிறது: 200 கலோரி, 300 கலோரி. அந்த எண்ணின் வரலாறு நீளமானது. அதில் நமது உடம்புக்குக் கிடைத்த இடம் சிறியது.

1790 அளவில் பாரிசில் லவோசியேயும் செகனும், உழைக்கும் மனிதன் உள்ளிழுக்கும் ஒட்சிசன் கூடுவதை அளந்தார்கள். நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர், ஆளையே ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, சைக்கிள் மிதிக்கச் சொல்லி, வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டார். உடம்பை மெலியவைப்பது அன்றைய நோக்கமல்ல. உழைப்பாளிக்கு எவ்வளவு உணவு போதும் என்பதே கேள்வி.

நம் கரையிலும் அந்தக் கேள்விதான் நெடுங்காலம் இருந்தது. கரைவலைக் கயிற்றை இழுத்தவருக்கும், மருதமுனையில் நாள் முழுக்கத் தறி மிதித்தவருக்கும், அரிவாளோடு வயலில் குனிந்தவருக்கும் செலவான சக்தியைத் திரும்பப் பெறச் சோறு காணுமா என்பதுதான் கவலை. இன்று அறுப்பை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. சோறு மட்டும் குறையவில்லை.

அட்வாட்டரின் சகா பெனடிக்ட், 1919இல் ஹாரிசுடன் சேர்ந்து, சும்மா படுத்திருக்கும் உடம்பு எரிப்பதைச் சொல்லும் சூத்திரம் ஒன்றை வகுத்தார். ஆணா பெண்ணா என்பதோடு எடை, உயரம், வயது தெரிந்தால் போதும். அளக்கப்பட்டவர்கள் அமெரிக்கர்கள். அதே பெனடிக்ட் 1931இல், சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் எலினோர் மேசனோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் எரிப்பு மேலைநாட்டு அளவைவிடக் குறைவு என்று எழுத நேர்ந்தது. 1950இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பித்த கலம்பைன், வெப்பநாட்டு மக்களின் சக்தித் தேவை பற்றி எழுதினார். கொழுப்பைக் கழித்துவிட்டு ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகளில் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோனது. காரணம் இனமல்ல, உடலமைப்பு. மெலிந்த தேகத்தில் தொப்பை வைத்திருக்கும் நம்மவருக்கு இது சுகமான செய்தியல்ல.

இன்றைய கணக்குக்கு அடிப்படை ‘மெட்’ என்னும் அலகு. சும்மா இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி. அது 1 மெட். மிதமான நடை சுமார் 3.5. ஆக, 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணிநேரம் நடந்தால் 210 கலோரி. அதில் 60, வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும். நடையால் கிடைத்தது 150. திரும்பும் வழியில் குடிக்கும் தேநீரில் ஒரு மேசைக்கரண்டி டின்பால் விழுந்தால் அதில் 60 போச்சு.

இந்தக் கணக்கு தட்டையான, உறுதியான தரைக்கானது. காய்ந்த மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்து காட்டினார்கள். அலை நனைத்த ஓரத்தில் நடக்கிறோமா, கால் புதையும் மேட்டிலா என்பதைக் கடிகாரம் கேட்பதில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டில் 7 கைக்கருவிகளைச் சோதித்தபோது, இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிசகியது. அத்தகைய எண்ணை நம்பி வட்டிலப்பத்துக்குக் கை நீட்டுவது, என் பார்வையில், கடன் வாங்கிக் கந்தூரி கொடுப்பது போன்றது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குக் கலோரி இலக்கு எதுவும் வைக்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்றுதான் சொன்னது. மிதத்தை அறியவும் கருவி தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிந்து, பாடுவதற்கு மூச்சுப் போதாவிட்டால் அதுதான் அந்த வேகம். காய்ந்த மணலில் மெதுவாக நடந்தாலே அது வந்துவிடும். காபட் வீதியில் நடப்பவர் இன்னும் கொஞ்சம் எட்டிப் போட வேண்டும்.