பானை ஓட்டுக்குக் கைதட்டினோம், மரத்துக்கு?



போன வாரம் வரலாறு சார் ஓமான் நாட்டின் தெற்குக் கடற்கரையான தோஃபார் பற்றிச் சொன்னார். அங்கே சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தில் 2006-ல் ஒரு பானை ஓடு கிடைத்ததாம். அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர்! கி.பி. முதல் நூற்றாண்டு. வகுப்பே கைதட்டியது. நானும்தான்.

ஆனா அந்தத் துறைமுகம் எதுக்காகக் கட்டினாங்கன்னு ஒருத்தரும் கேட்கலை. எல்லாம் ஒரு மரத்துக்காக! அரபியில் அதன் பிசினை லுபான் என்பார்கள். நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற குந்திரிக்கத்துக்கு உறவு. மழை மேகம் மலையின் கடல் பக்கத்தைப் பச்சையாக்கும். இந்த மரமோ மலைக்குப் பின்னால், காய்ந்த கல் பூமியில் நிற்கும். பட்டையைச் சின்னக் கத்தியால் சீவினால் பால் போல வடியும். முதலில் வருவது அவ்வளவு உயர்ந்ததில்லை. சில வாரம் விட்டு மறுபடி சீவணும். நல்ல பிசின் அப்புறம்தான் வரும்.

“மரத்தையா வெட்றாங்க? கீறத்தானே செய்றாங்க?” என்கிறான் என் பெஞ்சு நண்பன். இது தப்பு என்பது என் கருத்து. செங்கடலுக்கு அந்தப் பக்கம், எரித்ரியாவில் இதே குடும்பத்து மரத்தை ஆராய்ந்தார்கள். கீறாத மரத்து விதை நூற்றுக்கு 80-க்கு மேல் முளைத்தது. அதிகம் கீறிய மரத்து விதை 16 மட்டும்! அதாவது பிசினை நாம் எடுத்துக்கிட்டா விதைக்கு ஊட்டம் இல்லை. முளைத்த கன்றையும் ஆடு மாடு விடுவதில்லை. அந்த வகை மரத்தின் பிசின் 20 வருடத்தில் பாதியாகிவிடும் என்று 2019-ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. தோஃபாரிலும் ஒட்டகம் கன்றைக் கடிக்கிறது, பேராசைக்காரர்கள் அளவில்லாமல் கீறுகிறார்கள்.

கீறவே கூடாதுன்னு நான் சொல்லலை. அது அவங்க பிழைப்பு. ஆனா சீவிய மரத்துக்குச் சில வருடம் ஓய்வு தரணும். ஓய்வு தருகிறவருக்கு நஷ்டம் வராத அளவுக்கு, வாங்குகிற நாடுகள் கூடுதல் விலை தரணும். வாசனை வேணும்னா காசும் கொடுக்கணும் இல்லையா?

2000-ல் யுனெஸ்கோ சும்ஹுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியபோது, மரங்கள் நிற்கும் வாதி தவ்கா பள்ளத்தாக்கையும் சேர்த்துத்தான் அறிவித்தது. நம் வகுப்பு வரைபடத்தில் துறைமுகத்துக்கு மட்டும் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் வைக்கச் சொல்லி சாரிடம் கேட்டிருக்கிறேன்.