நிழலை அளந்தாயிற்று, மாடி யாருடையது?

மொட்டை மாடியில் ஏறிப் பார்க்காமலே சூரிய மின் தகடுகளை விற்கும் காலம் இது. நெருளில் ஒரு சொசைட்டி செயலாளரின் வீட்டுக்கு வரும் விற்பனையாளர் லேப்டாப்பைத் திறக்கிறார். செயற்கைக்கோள் படத்தில் கட்டிடம் தெரிகிறது. விளிம்புகளைக் கோடிட்டால் போதும். எத்தனை தகடுகள் வைக்கலாம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும், போட்ட பணம் எப்போது திரும்பும் என்று வண்ணப் படங்களோடு விலை மதிப்பீடு தயார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதை வெறும் வித்தை என்று தள்ளிவிட முடியாது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பிறந்த பிவிசிஸ்ட், அமெரிக்காவில் 2013-ல் தொடங்கிய அரோரா போன்ற மென்பொருள்கள் நிழல் கணக்கில் கெட்டி. நெருள் இருப்பது 19 டிகிரி வட அட்சரேகையில். டிசம்பர் 21 நண்பகலில் 10 அடி உயரத் தண்ணீர் தொட்டியின் நிழல் வடக்கே சுமார் 9 அடி நீளும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை நண்பகல் நிழல் தெற்கே திரும்பிவிடும். வெறும் கண்ணால் இதை ஊகிப்பது கடினம். ஒரு தகட்டில் விழும் நிழல் அதோடு இணைந்த வரிசையின் உற்பத்தியையும் குறைக்கலாம் என்பதால், கணக்கு முக்கியம்தான்.

ஆனால் படத்தில் தெரியாத சங்கதிகள் உண்டு. நான்காவது மாடிக்காரருக்குத் தலைக்கு மேலே இருந்தாலும் மொட்டை மாடி அவருடையதல்ல, சொசைட்டியின் பொதுச் சொத்து. அதைவிடப் பெரிய சிக்கல்: மதிப்பீடு போடுவது 25 ஆண்டுகளுக்கு. நவி மும்பையிலோ சிட்கோ காலத்துக் கட்டிடங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு ஓயவில்லை. தகடு இருக்கும், கட்டிடம் இருக்குமா? நாளை பக்கத்து மனையில் எழப்போகும் 20 மாடிக் கோபுரமும் இன்றைய செயற்கைக்கோள் படத்தில் இல்லை.

2024-ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். சொசைட்டியின் பொதுத் தேவைக்கு, அதாவது லிஃப்ட், பம்ப், படிக்கட்டு விளக்குக்கு, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். சபலம் தட்டத்தான் செய்யும்.

கையெழுத்திடுமுன் செயலாளர் ஒன்று கேட்கலாம். மின் கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும் என்று கணக்கில் போட்டிருக்கிறார்கள்? அந்த ஓர் எண்ணைக் கூட்டினால், பணம் திரும்பும் ஆண்டு தானாகவே முன்னால் வந்துவிடும். அதைப் பாதியாக்கி, பக்கத்து மனையில் 20 மாடியை வரைந்து, மறுபடி ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். மென்பொருளுக்கு அது இரண்டு நிமிட வேலை.