எந்த ஃபாரத்தை நிரப்புவது?

டிப்ளமோ கைக்கு வந்ததும் நம்மில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்கு மனு போடுவோம். துபாயோ சிங்கப்பூரோ, எங்கே போகவும் அது வேணுமே! ஆனால் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து, நம்மோடு லேத்தும் வைவாவும் தாண்டி வருகிற மாணவன் எதற்கு மனு போடுவான்? இலங்கையை அவன் பார்த்ததுகூட இல்லை.

1983 கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களை நாம் அகதி என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; தனி அகதிச் சட்டமும் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', குடியுரிமைக்கு மனு செய்யவே தகுதியில்லையாம். குண்டுக்குப் பயந்து ஓடுகிறவன் விசாவுக்குக் க்யூவில் நின்றுவிட்டா வருவான்?

பிள்ளைகள் கதை இன்னும் வேடிக்கை. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்த அக்கா பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். அதற்கப்புறம் அதே முகாமில் பிறந்த தம்பி அந்நியன்! அந்த அக்காவுக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவர் பாஸ்போர்ட்டுக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2022-இல்தான் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

2019 குடியுரிமைத் திருத்தம் மூன்று நாட்டவருக்கு வழிவிட்டது. இலங்கை அதில் இல்லை. 2021-இல் மாநில அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் குடியுரிமை அதனால் வந்துவிடாது.

இங்கே பிறந்து படித்தவர்களிடமாவது மனுவை வாங்கி, விசாரித்து, ஆறு மாதத்துக்குள் உண்டு இல்லை என்று எழுத்தில் பதில் தரட்டும். நம் யூனியன் இதைத் தீர்மானமாகப் போட்டு டெல்லிக்கு அனுப்பினால் என்ன?