விற்பவனிடமே யோசனை கேட்பதா?

கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நம் தோழர்களை ஒன்று கேட்க விரும்புகின்றோம். மாடு வாங்கப் போன நம் பாட்டன், விற்பவனிடமே "இது நல்ல மாடுதானா?" என்று வினவி, அவன் தலையசைத்தவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்தானா? பல்லைப் பிடித்துப் பார்த்தான், நடக்கவிட்டுப் பார்த்தான், கறந்து பார்த்தான். கூட நாலு பேரையும் அழைத்துச் சென்றான். அப்பாட்டனின் பேரர்களாகிய நாம் ஆயிரம் வெள்ளி கொடுத்துக் கைப்பேசி வாங்குங்கால், விற்பவனன்றி வேறொருவரிடத்தும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்பது கௌரவக் குறைவாம்!

ரிங்லெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவரை நாம் அறிவோம். 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைப்பேசி வழியே நடந்த காலை, மகளின் படிப்பிற்கென அவ்வாண்டுக் கடைசியில் பட்டணத்துக் கடையொன்றில் மலிவான கைப்பேசி ஒன்றை வாங்கினார். அஃது மூன்றாந் தலைமுறை அலைவரிசைக்கு மேற்பட்டதைப் பற்றமாட்டாத கருவி. 2021 முடிவதற்குள் அவ்வலைவரிசை இந்நாடெங்கும் நிறுத்தப்படும் என்பது முன்னரே வெளியான செய்தி. கடைக்காரர் அதனை அறியாதவரா? அறியாராயின் அவர் அத்தொழிலுக்கு லாயக்கற்றவர். அறிந்திருந்தும் விற்றாராயின் அவரை என்னென்று அழைப்பது என்பதை வாசகர்க்கே விட்டுவிடுகின்றோம். 2022 பிறந்ததும் கைப்பேசியில் பாடம் வரவில்லை. அம்மையார் அதே கடைக்குச் சென்றார். "கெட்டுப்போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று விடை வந்தது. வாங்கினார். முதற் கருவியில் யாதொரு பழுதும் இல்லை!

"யாரையாவது கேட்டிருக்கலாகாதா, அம்மா?" என்றோம்.

"கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளைங்க ஐயா. வாய் நிறைய அக்கா, அக்கான்னுதான் கூப்பிடும்" என்றார்.

இதுதான் நம்மைப் பிடித்த நோய். அக்கா என்றும் அண்ணே என்றும் அழைத்துவிட்டால் நம்மவர் மடிச்சீலை தானே அவிழ்கிறது. கங்காணியும் நம்மை முறைவைத்து அழைத்துத்தான் கப்பலேற்றினான். இந்திய அரசாங்கத்தின் தடையால் 1938இல் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. கங்காணி சொன்னால் சரியாயிருக்கும் என்னும் புத்தி மட்டும் இன்னும் நின்றபாடில்லை. அன்று தோட்டக்கடைப் பற்றுப் புத்தகம். இன்று தவணைச் சீட்டு. 1,200 வெள்ளிக் கைப்பேசியை மாதம் 95 வெள்ளி வீதம் இருபத்து நான்கு மாதம் கட்டுவதாகக் கொள்வோம். மொத்தம் 2,280 வெள்ளி. 2025இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. "மாதம் 95தானே" என்று சொல்லும் வாய், மொத்தத் தொகையைச் சொல்வதில்லை. நாமும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

கைப்பேசியில் போவது பணம். வெந்நீர்க் கருவியில் உயிரே போகும். ஐயாயிரம் அடி உயரத்து இம்மலையில், விடியற்காலைப் பனியில் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போகச் சொல்ல நமக்கும் மனம் வரவில்லை. வாட்டர் ஹீட்டர் வாங்குவது ஆடம்பரமன்று. ஆனால் அதனை மாட்டும் விதத்தைப் பார்த்தீர்களா? சாதாரணமாக விற்கும் கருவி 3,600 வாட்டு இழுக்கக்கூடியது. 230 வோல்ட்டில் கணக்கிட்டால் பதினைந்து ஆம்பியருக்கும் மேலாகிறது. நம் வீட்டு மூன்றுகால் பிளக்கோ 13 ஆம்பியருக்கு மேல் தாங்குவதற்கன்று. பழைய லயத்துக் கம்பியில், சமையற்கட்டுப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துக் குளியலறையில் மாட்டினால் கம்பி காயும், உருகும், தீப்பற்றும். அன்றியும், பத்து மில்லி ஆம்பியர் கசிந்த மாத்திரத்தில் மின்சாரத்தைத் தானே அறுத்துவிடும் சுவிட்ச் அக்கருவிக்கு இருந்தாக வேண்டுமென்பது இந்நாட்டு மின்சார விதி. அதை வைக்கவும், தனிக் கம்பி இழுக்கவும் உரிமம் பெற்ற மின் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும். கருவியின் விலையோடு இக்கூலியையும் சேர்த்துச் சொல்லும் கடைக்காரர் எத்தனை பேர்? சொன்னால் வியாபாரம் கெடுமன்றோ!

இனி, கடைச் சுவரில் தொங்கும் அந்தப் பலகைக்கு வருவோம்: "விற்ற சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது." இதனைக் கண்டதும் நம்மவர் வாய் அடைத்துப் போகிறது. பலகை எழுதியவன் சட்டசபையா? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன காரியத்திற்குப் பயன்பட வேண்டும் என்கிறது. இவ்வுரிமையைப் பலகையாலோ சீட்டாலோ பறிக்க முடியாதென்றும் கூறுகிறது. வழக்குரைக்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டுவதில்லை, மூன்றாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும் நீதியை நம்மவர் அறியாதது யார் குற்றம்?

பட்டணத்துத் தமிழர் குற்றம் என்போம். தானா ராத்தாவிலும் ஈப்போவிலும் குமாஸ்தாவாக, ஆசிரியராக, கணினி கற்றவராக இருப்போர் பலர் தோட்டத்துப் பிள்ளைகளே. தமக்கொரு கைப்பேசி வாங்க ஒரு வாரம் விலை விசாரிக்கும் இவர்கள், தோட்டத்துச் சிற்றப்பன் ஏமாந்து வந்தால் "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரிக்கிறார்கள். தெரிந்த நீர் என்ன செய்தீர்? பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களின் தலைமையில் பல்லாண்டு காலம் ஏழைகளின் முறையீடுகளைக் கேட்டது. தமிழிலும் இதழ் வெளியிட்டது. அவர் சட்டம் படித்தவரல்லர், வணிகர்! வணிகர் ஒருவர் வாங்குவோர் பக்கம் நின்றார். தோட்டத்தில் பிறந்து படித்தவர் நிற்கக் கூசுகிறார்.

"பகாங் மாநிலத் தலைநகர் குவாந்தான் எங்கே, நாங்கள் எங்கே?" என்று தோட்டத்தார் கேட்பது நியாயமே. ஆயின் முறையீட்டை இணையவழி பதியலாம். மலாய்ப் படிவத்தை நிரப்ப ஒரு கை வேண்டும், அவ்வளவே. சம்பளம் போட்ட மறு ஞாயிறு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு மேசை போட்டு, கற்றவர் இருவர் காலை இரண்டு மணி நேரம் உட்காரட்டும். வாங்கப் போகிறவர் வாங்குமுன் வந்து கேட்கட்டும்: இக்கருவி எந்த அலைவரிசை பற்றும், சிரிம் முத்திரை உண்டா, உதிரிப்பாகம் கிடைக்குமா, தவணையின் மொத்தக் கிரயம் என்ன? வாங்கி ஏமாந்தவர் ரசீதோடு வரட்டும். ரசீது வாங்கும் பழக்கமே இல்லாதவர்க்கு முதலில் அதைச் சொல்லிக் கொடுங்கள். நாம் மேலே கூறிய அம்மையாரிடத்து இரண்டு கைப்பேசிக்கும் ரசீது இல்லை.