பூங்காவில் ஒரு வானொலி நிலையம்

சென்ற குளிர்காலத்தில் தில்லியின் பொதுப் பூங்கா ஒன்றில் இளைஞர் இருவர், வேப்பமரக் கிளையின்மீது கயிற்றை எறிந்து, மெல்லிய செம்புக் கம்பியொன்றை மேலேற்றிக்கொண்டிருந்தனர். கீழே ஒரு சிறு பெட்டியும் 12 வோல்ட் மின்கலமும் இருந்தன. காவலர் வந்து தடுத்துவிட்டார். உரிமத்தைக் காட்டியும் பயனில்லை. அவர்மீது குறை கூற நான் எழுதவில்லை. இத்தகைய பணி உண்டென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்.

‘அமெச்சூர்’ என்னும் சொல்லை மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் என் பேனா தயங்குகிறது. ‘பொழுதுபோக்காளர்’ என்றால் இளப்பம் தொனிக்கிறது. தேர்வெழுதி உரிமம் பெற்று, ஊதியம் கருதாது உழைப்பவரை ‘ஆர்வலர்’ என்பதே தகும்.

இவ்வார்வலர்கள் வீட்டைவிட்டு வெளியே வருதல் அவசியம் என்பது என் கருத்து. வீட்டினுள் எல்.இ.டி. விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலில் மெலிந்த குறிகள் அமிழ்ந்துபோகின்றன. விரிந்த பூங்காவில் அது பெரிதும் குறைகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 43 மீட்டர். ஆகவே அரையலை ஏரியலுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு இடமேது? பூங்காவிலோ இரண்டு மரங்கள் போதும். ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டிய அக்கம்பி, தன் ஆற்றலின் பெரும்பகுதியை மேல்நோக்கியே செலுத்துகிறது. அவ்வலைகள் அயனி மண்டலத்தினின்று திரும்பிச் சில நூறு கிலோமீட்டர் வட்டாரத்தில் இறங்குகின்றன. புயல் நிவாரணத்திற்கு வேண்டிய தொலைவும் அதுவேயன்றோ!

கைப்பேசி இருக்க இஃது எதற்கு என்பார் உளர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஆர்வலர் வானொலிப் பணிக்கெனச் சென்ற பாரதி பிரசாத்தும் அவர்தம் குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தனர். தொலைபேசி இணைப்புகள் அறுபட்ட அந்நாட்களில், தீவினரின் நலச் செய்திகள் அவர்கள் வழியே பெருநிலத்தை எட்டின. வீட்டு மின்சாரத்தையன்றி வேறறியாத நிலையம் அத்தகைய நாளில் ஊமையாகிவிடும்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியிடப் பயிற்சி 1933 முதல் நடந்து வருகிறது. தேசியப் பூங்காப் பணித்துறையின் நூற்றாண்டான 2016இல், பூங்காக்களிலிருந்தே ஒலிபரப்பும் இயக்கம் வலுப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக அமைந்த திட்டத்தில், ஒரு பூங்காவிலிருந்து 10 தொடர்புகள் பெற்றால்தான் அப்பணி கணக்கில் கொள்ளப்படும்.

நம் ஆசிரியர்களும் இதனை மேற்கொள்ளலாம். நிலையத்தை இடம் மாற்றி இயக்குவது பற்றிய உரிம நிபந்தனைகளை முதலிற் பார்த்துக்கொள்ளவேண்டும். உரிமம் பெற்றவர் கருவியை இயக்க, மாணவர் கம்பியை அளந்து வெட்டட்டும், மின்னோட்டத்தை அளக்கட்டும், கேட்ட குறிகளை நேரத்துடன் பதியட்டும். மரத்தில் ஆணி அடித்தலும், நடைபாதைக்குக் குறுக்கே தாழ்வாகக் கம்பி கட்டுதலும் கூடவே கூடா. இவற்றுக்கு உடன்படுவோர்க்குப் பூங்கா அதிகாரிகள் எழுத்து மூலம் அனுமதி வழங்குதல் வேண்டும்.

அன்று அவ்விளைஞர்கள் மறுமொழி பேசாது கம்பியைச் சுருட்டிக்கொண்டனர். எந்த அலுவலகத்தில் மனுச் செய்யவேண்டும் என்று காவலரைக் கேட்டனர். அவருக்கும் தெரியவில்லை.