பொம்மைக்குப் புதுச் சாயம்

கொலு முடிந்து பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது, "அடுத்த வருஷமாவது இதற்கெல்லாம் வர்ணம் பூச வேண்டும்" என்று சொல்லாத வீடு உண்டா? அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்தால் அதே உரிந்த மூக்கு! நமக்கும் அதே பெருமூச்சு!

எங்கள் வீட்டுச் செட்டியாரும் செட்டியாரம்மாளும் என் அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது வந்த ஜோடி. சென்ற வருஷம் அந்த அம்மாளின் கன்னத்தில் சாயம் பெயர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பிளாஸ்டிக் விமானங்களுக்கு வர்ணம் அடிக்க வைத்திருக்கும் ஏர்பிரஷ்ஷை இரவல் வாங்கி வந்தேன். கோலம் போட்டுப் பழகிய கை அல்லவா என்ற கர்வம்! விசையை இழுத்ததுதான் தாமதம்; சாயம் சிலந்திக் கால் மாதிரி நாலா பக்கமும் ஓடிற்று. பதறிப்போய் ஈரத் துணியால் தேய்த்தேன். புதுச் சாயத்தோடு பழைய முகமும் போய்விட்டது.

அம்மா கோபிக்கவில்லை. "போகட்டும், விடு" என்றாள். ஆனால் அந்தக் கொலு முழுவதும் அவள் அந்தப் படிப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகையால் சகோதரிகளே, நான் அழுது கற்றதை நீங்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள்.

ஏர்பிரஷ் புதிய சமாசாரம் அல்ல. 1879-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் அதன் ஆதி வடிவத்தைச் செய்தார். பேனா மாதிரி பிடித்துக்கொள்ளலாம். உள்ளே ஓர் ஊசி. வேகமாக வரும் காற்று சாயத்தைப் பனிபோலாக்கித் தூவுகிறது. தூரிகைத் தடம் விழாது. படலம் மெல்லியதாக இருப்பதால், பொம்மையின் ஒட்டியாணமும் புடவை மடிப்பும் சாயத்தில் மூழ்கிப் போகா.

வாங்கும்போது, சாயக் கிண்ணம் மேலே உள்ளதாக, 0.3 மில்லிமீட்டர் முனையுள்ள 'டபுள் ஆக்‌ஷன்' வகையைக் கேளுங்கள். விசையை அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் சாயம். இது மலிவானதாக இருந்தாலும் பாதகமில்லை. சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் காற்றுக் கம்ப்ரஸர்தான். பேனாவோடு ஒட்டிக்கொண்டு பாட்டரியில் ஓடும் குட்டி யந்திரம் விலை குறைவு. ஆனால் அநேகமாக அதில் அழுத்தத்தை நம் இஷ்டப்படி கூட்டிக் குறைக்க முடியாது. சிறு காற்றுத் தொட்டி, அழுத்தத்தைத் திருத்தும் திருகு, ஈரம் பிடிக்கும் வடிகட்டி மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். வடிகட்டி இல்லாவிட்டால், சென்னை போன்ற ஊரின் ஈரக் காற்று நீர்த்துளியாகிச் சாயத்தோடு தெறிக்கும்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயமே வீட்டுக்கு ஏற்றது. அதைப் பால் பதத்துக்குக் கரையுங்கள். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். முதலில் வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகே வர்ணம். சுமார் மூன்று அங்குல தூரத்தில் பிடித்து, கையை நகர்த்தத் தொடங்கிய பின் சாயத்தை விடுங்கள். கை நிற்குமுன் சாயத்தை நிறுத்துங்கள். சாயம் ஓடினால் நீர்த்துவிட்டது, அல்லது மிகவும் கிட்டே பிடித்துவிட்டீர்கள். புள்ளி புள்ளியாகத் தெறித்தால் கெட்டியாகிவிட்டது, அல்லது முனையில் காய்ந்துவிட்டது.

அடுப்படியில் இந்த வேலை வேண்டாம். ஜன்னல் ஓரத்தில், ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் பொம்மையை வைத்து அடியுங்கள். சாதாரணத் துணி முகமூடி போதாது. நுண்துகளைத் தடுக்கும் முகமூடி அவசியம். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

ஒவ்வொரு வர்ணத்துக்குப் பிறகும் தண்ணீர் விட்டுப் பீய்ச்சிக் கழுவுங்கள். பால் பாத்திரத்தை இரவெல்லாம் கழுவாமல் போட்டு வைப்போமா? அதே கதைதான். வேலை முடிந்ததும் ஊசியை மெல்ல உருவித் துடையுங்கள். கீழே போட்டு நுனி வளைந்தால் சாயம் கோணலாகத்தான் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: முதல் நாளே பொம்மையைத் தொடாதீர்கள்! ஒரு டஜன் அகல் விளக்கு வாங்குங்கள். அதுவும் பொம்மையைப் போலச் சுட்ட மண்தானே? புள்ளி, கோடு, நிழல் என்று அதிலே பழகுங்கள். கன்னத்துச் சிவப்பை ஏர்பிரஷ் தரும். கண்ணை மட்டும் மெல்லிய தூரிகையால் கையாலேயே எழுத வேண்டும்.

இந்த வருஷம் நான் இரண்டு டஜன் அகல்களை வர்ணம் அடித்துத் தீர்த்தபின்தான் செட்டியாரம்மாளிடம் போனேன். முகம் வந்தது. கண் எழுதும் நேரத்தில் அம்மா மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு இடது கண் கொஞ்சம் சின்னதாக இருக்கும்" என்றாள்.

தூரிகையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டேன்.